பதினொன்று சாய்கோடு எட்டு

1

போன வாரம் அத்தை மகன் வாட்ஸாப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான்: "மாமாவுக்குத் தெவசம் 11/08. அம்மா சொல்லச் சொன்னாங்க."

பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே படித்தேன். நவம்பர் எட்டு, இன்னும் நாள் கிடக்கிறது, மெதுவாக ஆபீஸில் லீவு சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஓடியது. அரை நொடிதான் இருக்கும். கையிலிருந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருசத்துக்கு முன்னால் இதே 11/08-ஐ இதே மாதிரி நவம்பர் எட்டு என்று படித்தவள் நான். அது ஆகஸ்ட் பதினொன்று. அன்றைக்குத்தான் கோயமுத்தூரில் அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நான் அன்றைக்கு இங்கே அமெரிக்காவில், கொலம்பஸில், ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் அப்பா போய்விட்டார்.

அவ்வளவு பட்டும் கண்ணுக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

ஆடி மாசத் தேய்பிறையில் போனவர். திதி வருசா வருசம் ஒவ்வொரு தேதியில் வரும். இந்த வருசம் சொல்லி வைத்த மாதிரி ஆகஸ்ட் பதினொன்றில் வந்து நிற்கிறது. அந்த ஒரு வரிக்குக் கீழே ஒரு குரல் செய்தியும் இருந்தது. "வருவீங்களான்னு அம்மா கேக்கறாங்க" என்று அத்தை மகன் சொல்லி முடித்த பிறகும் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை போலிருக்கிறது. பின்னால் அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது: "கேட்டு என்ன ஆகப்போகுது. ஆபரேஷனுக்கே வராதவ, தெவசத்துக்கா வரப்போறா."

சரசு அத்தை அப்பாவின் தங்கை. நீலகிரி மலையில் அரவேணுவில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அம்மா போன பிறகு அப்பாவுக்குச் சோறு போட்டதும், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். பேச அவருக்கு உரிமை உண்டு. ஊரிலும் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், வேலைதான் பெரிசு என்று அப்பாவின் ஆபரேஷனுக்கு வராமல் இருந்துவிட்டவள் என்று. மூன்று வருசமாக நான் அதை மறுத்ததில்லை. நடந்தது என்னவென்று இப்போதுதான் அத்தையிடம் சொன்னேன். வெளியே சொல்லாதே என்றார். அதையும் மீறித்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தால், "கம்ப்யூட்டர்ல என்னதான் பண்றே கண்ணு?" என்று கேட்பார்கள். தேதியைத் திருப்பி எழுதுகிறேன் என்று சொன்னால், இதுக்குச் சம்பளம் வேறயா என்று சிரிப்பார்கள். சம்பளம் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

பல நாடுகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. ஒவ்வொரு நாட்டுக் கிடங்கிலிருந்தும் தினமும் கோப்புகள் வரும். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நாளை முதலில் எழுதுவார்கள். அமெரிக்காக்காரன் மாதத்தை முதலில் எழுதுவான். சில நாட்டுக்காரர்கள் வருசத்தில் ஆரம்பிப்பார்கள். எல்லாவற்றையும் வருசம், மாதம், நாள் என்று ஒரே மாதிரி மாற்றினால்தான் கணினியால் வரிசைப்படுத்த முடியும். அதற்கு ஷெல் ஸ்க்ரிப்ட் என்று ஒன்று எழுதுவோம். பெரிய வித்தையில்லை. முதலில் இதைச் செய், அப்புறம் அதைச் செய் என்று கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு சின்னக் கோப்பு. மேலிருந்து கீழே படித்து எழுதினதை எழுதினபடி செய்யும்.

தேதியைப் படிக்கவென்றே அதில் ஒரு கட்டளை இருக்கிறது. பிறந்தது அமெரிக்காவில் என்பதால், சாய்கோடு போட்ட தேதியைக் கொடுத்தால் முதலில் இருப்பது மாதம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். 25/07 என்று கொடுத்தால், இருபத்தைந்தாவது மாதம் ஏது என்று தப்புச் சொல்லி நின்றுவிடும். நிற்பது நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். 11/08 என்று கொடுத்தால் நிற்காது. சந்தேகமே இல்லாமல் நவம்பர் எட்டு என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒன்றாம் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதி வரைக்கும் ஒவ்வொரு மாதத்திலும் இந்தக் குழி உண்டு.

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். ஊகிக்காதே, எந்த ஊர் வழக்கத்தில் எழுதியது என்று அனுப்பினவரைக் கேள், கேட்பதில் அவமானமில்லை. இதுதான் என் முதல் பாடம். தலையாட்டிக் குறித்துக்கொள்வார்கள். மேனேஜர்கூட ஒரு தடவை எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அதை அப்பாவுக்குப் போனில் சொன்னபோது, "பரவால்லயே அம்மிணி, நானும் முப்பது வருசம் தேதியைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்று சிரித்தார்.

3

அப்பா எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். காலையில் போனதும் முதல் வேலையாக ரப்பர் ஸ்டாம்பின் சக்கரத்தைத் திருகி அன்றைய தேதியை வைப்பார். ஒரு வெற்றுக் காகிதத்தில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். கையால் எழுதும்போது மாதத்தை ரோமன் எழுத்தில் எழுதுவார், பழைய ஆபீஸ் பழக்கம். ஆகஸ்ட் பதினொன்று என்றால் 11-VIII. சாய்கோடு கிடையாது, குழப்பமும் கிடையாது. அவர் எழுதிய தேதியை உலகத்தில் யாராலும் தப்பாகப் படித்திருக்க முடியாது.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே லீவு கேட்டு ஆட்கள் நிற்பார்கள். என்ன காரணம், யாருக்கு என்ன, எத்தனை நாள் என்று துரை கேட்கச் சொல்வார். பத்துப் பேருக்கு நடுவில் ஒரு பொம்பளை தன் உடம்புக்கு என்ன என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "ஒருத்தர் வர முடியலைன்னா முடியலைதான். ஏன்னு வாயப் புடுங்கற பொழப்பு இருக்குதே, அது மாதிரி கேவலம் ஒண்ணும் இல்ல" என்பார். வீட்டிலும் அப்படித்தான். பொங்கலுக்கு வர முடியவில்லை என்று நான் சொன்னால், சரி அம்மிணி என்பதோடு முடிந்தது. ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சௌகரியமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஆபரேஷன் என்ற வார்த்தையை வாயால் சொல்ல மாட்டோம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்ததுகூட எங்களுக்கு "கோயமுத்தூர் போயிட்டு வந்தது"தான். ரத்தப் பரிசோதனை என்றாலும் கோயமுத்தூர், ஸ்கேன் என்றாலும் கோயமுத்தூர், வயிற்றைக் கிழித்தாலும் கோயமுத்தூர். நல்லபடியாகப் போய்விட்டு வரட்டும், முன்கூட்டியே நாள் சொல்லிக் கண் பட வேண்டாம் என்று ஒரு பயம். அப்போதே அமெரிக்கா வந்து பதினாலு வருசம் ஆகியிருந்தும் அந்தப் பயம் என்னை விடவில்லை. இங்கே எல்லாரும் பல்லைப் பிடுங்கினால்கூட ஆபீஸ் முழுக்க மெயில் அனுப்புகிறார்கள். என் அப்பாவின் ஆபரேஷன் காலண்டரில் ஏறியபோதும் நான் அதற்குப் பெயராக "அப்பா, கோயமுத்தூர்" என்றுதான் எழுதினேன்.

4

அந்த வருசம் ஜூன் மாசத்திலிருந்தே அப்பாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. அரவேணுவில் மேடு ஏறாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. கோயமுத்தூரில் பார்த்ததில், ரத்தக்குழாயில் அடைப்பு, திறந்துதான் சரி செய்ய வேண்டும், நாளைக் குறித்து அனுப்புகிறோம் என்றார்கள். தகவல் சொல்ல வேண்டிய நம்பர் என்று அப்பா நம்பரோடு என் நம்பரையும் கொடுத்திருந்தோம். ஸ்கேன், ரத்தம், மாத்திரை, டாக்டரைப் பார்க்கும் நாள் என்று மெசேஜ் வந்துகொண்டே இருந்தது.

எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரிப்ட் எழுதும் வியாதி இருக்கிறதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்த மெசேஜ்களிலிருந்து தேதியைப் பொறுக்கி என் காலண்டரில் போடுகிற மாதிரி ஒன்று எழுதினேன். முதல் தேதி 25/07. மேலே சொன்ன மாதிரி தப்புச் சொல்லி நின்றது. ஆபீஸாக இருந்தால் நின்று யோசித்திருப்பேன். இது வீட்டு வேலைதானே என்று இரண்டு வரி சேர்த்தேன்: தப்பு வந்தால் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டு மறுபடி படி. உடனே சரியாக வந்தது. அடுத்த தேதி 28/07, அதுவும் சரி. 31/07, சரி. சரியாகச் சரியாக வந்ததால் நம்பிவிட்டேன். அது தப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே இடத்திலும் அதன் வாயை நானே அடைத்துவிட்டேன் என்பது புத்தியில் ஏறவில்லை.

அப்புறம்தான் நாளைக் குறித்து அந்த மெசேஜ் வந்தது. 11/08. ஸ்க்ரிப்ட் நவம்பர் எட்டில் கொண்டுபோய் வைத்தது.

ஸ்க்ரிப்டை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அந்த மெசேஜை நானும் என் கண்ணால் படித்தேன். இந்த ஊரில் பால் பாக்கெட்டிலிருந்து பள்ளிக்கூட நோட்டீஸ் வரைக்கும் மாதத்தைத்தான் முதலில் படித்துப் பழக்கம். என் கண்ணும் நவம்பர் என்றுதான் படித்தது. அடைப்புள்ள இதயத்தை வைத்துக்கொண்டு மூன்று மாசம் காத்திருக்கச் சொல்கிறார்களே, மனுசங்களா இவங்க என்று ஆஸ்பத்திரியைத் திட்டக்கூடச் செய்தேன். திட்டினேனே தவிர, போன் பண்ணிக் கேட்கவில்லை. ஊகிக்காதே, கேள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள்.

அன்றைக்கே ஆபீஸில் லீவு சொல்லி, டிக்கெட்டும் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், அங்கே ஞாயிறு காலை, அப்பாவைக் கூப்பிட்டேன்.

"டிக்கெட் போட்டாச்சுங்கப்பா. நவம்பர் அஞ்சாந்தேதி வந்துருவேன்."

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கறேன் அம்மிணி. நவம்பர்ல நம்ம பக்கம் மழை ஜாஸ்தியா இருக்குமே. மேட்டுப்பாளையம் ரோடு சரிஞ்சு கெடக்கும். அதுக்கு முன்னாடி தோதுப்படாதா?"

"மழை என்னப்பா பண்ணிரும்? எனக்கு அப்பதான் லீவு சொல்லிருக்குதுங்க."

"சரி அம்மிணி. பாத்து வா."

எங்கப்பா முப்பது வருசமாக யாரையும் கேட்காத கேள்வியை அன்றைக்குக் கேட்டார். வர முடியாதா என்று கேட்க வாய் வராமல், மழையை முன்னால் நிறுத்திக் கேட்டார். நான் மழைக்குப் பதில் சொன்னேன்.

5

ஆகஸ்ட் முதல் ஞாயிறு அப்பாவே கூப்பிட்டார். தேயிலை விலை, அத்தை வீட்டு மாடு, எதிர் வீட்டில் புதிதாகக் குடி வந்தவர்கள் என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "வியாழக்கிழமை கோயமுத்தூர் போறேன் அம்மிணி. ரெண்டு மூணு நாள் ஆகும்னு நெனைக்கறேன். சரசு கூட வர்றா" என்றார்.

டெஸ்ட் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மதிக்கு, என் மகளுக்கு, அன்றைக்கு நீச்சல் வகுப்பு. கார் சாவியைத் தேடிக்கொண்டே பேசினேன்.

"சரிங்கப்பா. ஸ்வெட்டர எடுத்துட்டுப் போங்க. ஆசுபத்திரில ஏசி போட்டுக் கொன்னுருவாங்க."

"எடுத்துக்கறேன் அம்மிணி."

"அடுத்த வாரம் பேசறேனுங்க."

"சரி. நீ ஒடம்பப் பாத்துக்க" என்றார். வைக்கிறேன் என்று சொன்ன பிறகும் உடனே வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அத்தை கூப்பிட்டார். அங்கே சனிக்கிழமை விடிந்திருந்தது. "நேத்து ஆபரேஷன் முடிஞ்சுது கண்ணு. நல்லபடியாத்தான் முடிஞ்சுதுன்னு டாக்டரு சொன்னாரு. இன்னும் கண்ணு முழிக்கல" என்றார்.

அவர் வாயிலிருந்து ஆபரேஷன் என்ற வார்த்தை வந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எந்த ஆபரேஷன் என்று கேட்கக்கூடத் தேவைப்படவில்லை. பதினொன்று, எட்டு. மண்டைக்குள் அந்த இரண்டு எண்ணும் இடம் மாறி உட்கார்ந்ததை உணர்ந்தேன். என்னவாவது சொல்லியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும், அழுதிருக்க வேண்டும், எனக்குத் தெரியாதுங்க அத்தை என்றாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது "சரிங்க அத்தை" மட்டும்தான். அந்தச் சரிங்கவை அத்தை இன்று வரைக்கும் மறக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. தோஹாவில் இறங்கிப் போனைத் திறந்தபோது அத்தை மகனின் மெசேஜ் காத்திருந்தது. மாமா போயிட்டாங்க. அடுத்த விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், ஆபீஸுக்குத் துக்க லீவு விண்ணப்பத்தை அங்கேயே போனில் நிரப்ப உட்கார்ந்தேன். இறந்தவர் உறவு, தந்தை. இறந்த தேதி என்ற கட்டத்தில் 14/08 என்று அடித்தேன். கட்டம் சிவப்பாகி, மாதம் தவறு என்றது. பதினாலு வருசத்தில் அன்றைக்குத்தான் என் கை தன்னையறியாமல் எங்கப்பா ஊர் வழக்கத்தில் ஒரு தேதியை எழுதியது. அழித்துவிட்டு அவர்கள் வழக்கத்தில் எழுதினேன். மூன்று நாள் லீவு கொடுத்தார்கள்.

6

கொச்சியில் இறங்கி டாக்ஸி பிடித்தேன். சுதந்திர தினம். மேட்டுப்பாளையத்தில் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு மிட்டாய் தின்றுகொண்டு போனார்கள். கோத்தகிரி ரோட்டில் ஒரு சரிவும் இல்லை, தூறல்கூட இல்லை. ரோடு அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அழுகை கொஞ்சம் ஏறி இறங்கியது. அப்புறம் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் பக்கத்தில் வந்து, ரொம்ப மரியாதையாக, "லீவு கெடச்சுதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். எஸ்டேட் ஊரில் அதுதான் துக்க விசாரிப்பே. "கெடச்சுதுங்க" என்றேன். அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவரும் அதையே கேட்டார்கள், நானும் அதையே சொன்னேன். இருபதாவது தடவை சொன்னபோது எனக்கே அது நிஜம் போலிருந்தது. லீவு கிடைக்காமல்தான் ஆபரேஷனுக்கு வரவில்லை, செத்த பிறகு லீவு கிடைத்தது, வந்தேன். ஒழுங்கான கதை. எல்லாருக்கும் புரிகிற கதை. தேதியைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சமாளிக்கிறாள் என்பார்கள். நம்பினால் அதைவிட மோசம்.

காரியம் முடிந்து அப்பாவின் துணிமணிகளைப் பிரித்தபோது, ஆஸ்பத்திரிப் பையிலிருந்த அந்த அரக்குக் கலர் ஸ்வெட்டரை அத்தை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். எதற்குங்க என்று நான் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்று விட்டுவிட்டேன். அதே பையில் அப்பாவின் சட்டைப்பை டைரி இருந்தது. கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் மூன்றே வரி.

10-VIII கோவை.
11-VIII ஆபரேஷன்.
5-XI அம்மிணி வருகை.

வாயால் சொல்லாத வார்த்தையை எழுத மட்டும் செய்திருந்தார். மூன்று தேதியும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. ஆகஸ்டில் ஆபரேஷன், நவம்பரில் மகள். நடுவில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. ஆக, நான் தெரிந்தேதான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். அதிலும் கோபப்படாமல் போயிருக்கிறார். கோபப்பட்டு ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் வெளியே வந்திருக்கும், நான் ஓடி வந்திருப்பேன். நல்ல மனுசனாக இருந்து என்னைக் கெடுத்துவிட்டார்.

காலண்டரில் போட்டதை நான் அழிக்கவில்லை. அந்த நவம்பர் எட்டாம் தேதி ஆபீஸ் மீட்டிங்கில் போன் மணி அடித்தது. "அப்பா, கோயமுத்தூர்." எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, கிடங்குத் தேதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தேன்.

7

தெவசச் செய்தி வந்த அன்றைக்கு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்ததை மதி பார்த்தாள். பதினாறு வயது. என்னம்மா என்றாள். தாத்தாவுக்குத் தெவசம் வருது என்றேன். தெவசம் என்றால் என்ன என்பதை விளக்கினேன்.

"ஆனா தாத்தா எய்ட் ஃபோர்ட்டீன் அன்னிக்குத்தானே செத்தாரு?"

வந்ததே எனக்குக் கோபம். "செத்தாருன்னு சொல்லாதே, தவறிட்டாருன்னு சொல்லு. எய்ட் ஃபோர்ட்டீன் என்ன எய்ட் ஃபோர்ட்டீன், ஆகஸ்ட் பதினாலுன்னு சொல்ல வாய் வராதா உனக்கு? தாத்தா செத்த நாளைக்கூட அமெரிக்காக்காரி மாதிரிதான் சொல்லணுமா?"

என் வாயிலும் செத்த என்றுதான் வந்தது. அவள் கவனித்தாள், சிரிக்கவில்லை.

"நீயும் அப்படித்தானேம்மா சொல்லுவே" என்றாள் அமைதியாக. "டாக்டர்கிட்ட என் பர்த்டே சொல்றப்ப. எல்லாத்துக்கும்."

புள்ளைங்க கையை விட்டுப் போகுதுங்க என்று இங்கே எந்தத் தமிழ்க்காரர் வீட்டுக்குப் போனாலும் புலம்பல்தான், நானும் கூடச் சேர்ந்து புலம்புவேன். அவள் எங்கேயும் போகவில்லை, பிறந்த ஊரில் இருக்கிறாள், அந்த ஊர்த் தேதியைச் சொல்கிறாள். போனவள் நான். வேட்டி சேலை சாப்பாடு எல்லாவற்றையும் பத்திரமாகக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டு, அப்பா ஊரிலிருந்து வந்த தேதியைப் படிக்கத் தெரியாதவளாகப் போனேன்.

"அப்ப என்னாச்சும்மா?" என்றாள். முதல்முறையாக ஒருத்தி கேட்டாள். சொன்னேன், இவளிடம்தான் முதலில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரசுப் பாட்டிக்குத் தெரியுமா?" என்றாள்.

8

மறுநாள் காலையில் அத்தையைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். மழை ஓட்டில் அடிக்கிற சத்தம் கேட்டது.

"தெவசத்துக்கு வர்றனுங்க அத்தை."

"வேலை இல்லியா?"

"அத்தை, ஒண்ணு சொல்லணுமுங்க. அன்னிக்குத்தான் ஆபரேஷன்னு எனக்குத் தெரியாதுங்க."

நினைத்து வைத்திருந்த மாதிரி வரவில்லை. மெசேஜ், சாய்கோடு, நவம்பர், டிக்கெட், மழை என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். ஸ்க்ரிப்டைப் பற்றிச் சொல்லவில்லை, நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அத்தை முழுக்கக் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல தேதி எழுதறதுதானே உனக்கு வேலை?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"வெளிய சொல்லாத கண்ணு. வேலைன்னு வரலைன்னா அதுக்காச்சும் ஒரு மருவாதி இருக்குது. தேதி தெரியாம வரலைன்னா சிரிப்பாங்க."

சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தையே பேசினார். குரல் மாறியிருந்தது.

"அப்ப அந்த ஸ்வெட்டரு?"

"எந்த ஸ்வெட்டருங்க?"

"வேன்ல போறப்ப, இந்த வேக்காட்டுல ஸ்வெட்டரு எதுக்குண்ணான்னு கேட்டேன். அம்மிணி எடுத்துட்டுப் போகச் சொல்லுச்சு, ஆபரேஷன் ரூம்ல ஏசி குளிரும்னு அதுக்குத் தெரியும், வரத்தான் முடியல, நெனப்பெல்லாம் இங்கதான்னாரு. காலைல உள்ள கூட்டிட்டுப் போறப்ப நர்சம்மா கழட்டச் சொல்லுச்சு. எம்மக போட்டுக்கச் சொல்லிருக்குதுங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டப் பெருமை பேசிட்டே கழட்டுனாரு. எங்கையில குடுத்து, முழிச்சதும் போட்டு விடு, அம்மிணி கேக்கும்னாரு."

டெஸ்ட் எடுக்கப் போகிற ஆளுக்கு, கார் சாவியைத் தேடிக்கொண்டே சொன்ன ஸ்வெட்டர் அது. தெரிந்துதான் சொன்னேன் என்று அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் இப்போதுதானே உடைத்துச் சொல்லியிருந்தேன், அத்தை அதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்.

"ஆபரேஷன்னு தெரியாமத்தான் அதையும் சொன்னியா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மூணு வருசமா உம்மேல இருந்த கோவத்துக்கு நடுவுல, அண்ணன் மேல உனக்கு நெனப்பு இருந்துச்சுன்னு அது ஒண்ணை மட்டும் உனக்குன்னு பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன். பீரோவுல இருக்குது. அதையும் இப்ப எடுத்துட்டுப் போயிட்டியே கண்ணு" என்றார்.

சரிங்க அத்தை என்றேன்.